பென்சில் குறிப்பு

"இந்தக் கோடு எங்கே போனது?" என்று கேட்டார். "மரக்கட்டை செதுக்கியவர் விட்ட பிழை" என்றேன். யோசிக்கவேயில்லை.

இரண்டு நாள் ரேந்தை (லேஸ்) பின்னல் பயிற்சியின் கடைசி மணித்தியாலம் அது. எழுபது தாண்டிய மனுஷி. பழைய புத்தகத்தின் மறுபதிப்பை வீட்டிலிருந்தே கொண்டுவந்து, தான் பின்னிய துண்டைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நான் சொன்னதும் "அப்படியா" என்று தலையாட்டிவிட்டு, அந்தப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: 'மரவெட்டுப் பிழை.' நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

1561இல் சூரிச்சில் ஃப்ரோஷாவர் அச்சிட்ட மாதிரிப் புத்தகம் அது. சூரிச் வேதாகமத்தை அச்சிட்ட அதே ஃப்ரோஷாவர்தான். தொகுத்தவர் பெயர் வெறுமனே ஆர்.எம். கற்கும் பெண்பிள்ளைகளுக்கு என்று தலைப்பிலேயே போட்டிருப்பதால் அவரும் ஒரு பெண், ஒரு ஆசிரியை என்றே எடுத்துக்கொள்கிறோம். 1536இல் வெனிஸ், இத்தாலிப் பக்கமிருந்து வந்த வணிகர்களோடு இந்த வேலை சூரிச்சுக்கு வந்ததாக முன்னுரையில் எழுதியிருக்கிறார். உள்ளே இருப்பவை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட மரவெட்டுப் படங்கள். ஊசி குத்தும் இடங்களைக் காட்டும் துளை போட்ட அட்டை கிடையாது. எந்த நூல் எதன் மேலே போகிறது என்ற குறிப்பும் கிடையாது. பக்கத்தில் இருந்து காட்டித்தர ஆள் இருக்கும் என்று நம்பிச் செய்த புத்தகம்.

(ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து எங்களுக்கு வந்ததுதான். என் வேலையை அம்மாவுக்கு விளக்க அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.)

பயிற்சிக்கு நான் எடுத்த மாதிரியில் ஒவ்வொரு கோடும் ஒரு பின்னல், அதாவது நூல் சுற்றிய குச்சிகள் இரண்டு சோடி, நாலு குச்சி. ஒரு சந்தியில் ஐந்து கோடுகள் உள்ளே போகின்றன, நாலுதான் வெளியே வருகின்றன. கொஞ்சம் கீழே மறுபடி ஐந்து. இந்த வேலையில் குச்சி ஆவியாகிப் போகாது. குறுக்கே போடுவது, முறுக்குவது என்று இரண்டே அசைவுகள்தான். என்ன செய்தாலும் உள்ளே போன நூல் வெளியே வந்தாக வேண்டும். மூன்று இரவு மல்லுக்கட்டினேன். நாலாம் நாள், பயிற்சிக்கென்று நான் செய்த அட்டையில் ஐந்தாவது கோட்டையே எடுத்துவிட்டேன். இருபது குச்சி பதினாறானது. மெல்லிய லினன் நூலுக்குப் பதில் தடித்த பருத்தி நூல். இரண்டு நாளில் எல்லாரும் முடித்துவிட்டார்கள்.

அதில் எனக்கு வெட்கமில்லை. பிள்ளைகளுக்குக் கடினமாயிருந்தால் ஆர்.எம்.மும் இலேசாக்கியிருப்பார். செதுக்கியவர் ரேந்தை பின்னத் தெரிந்தவர் என்பதற்கு உத்தரவாதமா இருக்கிறது? கை தவறியிருக்கலாம். நான் சொன்னது சரியாகவே இருக்கலாம்.

ஆனால் எனக்கு முடியாததால் கோட்டை எடுத்தேன். அவர் கேட்டபோது, இன்னொருவருக்குத் தெரியாததால் கோடு இல்லாமற்போனது என்று சொன்னேன். 'நேரம் போதாது, விட்டுவிட்டேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?

மூன்று கிழமை கழித்து, வேறொரு துண்டு பின்னும்போது கை தானாகச் செய்தது. மிஞ்சிய இரண்டு சோடியில் ஒன்றை இடப்பக்கப் பின்னலோடும் மற்றதை வலப்பக்கப் பின்னலோடும் சேர்த்து ஆறு நூலாகப் பின்னிக்கொண்டு போய், கீழே வெளியே எடுத்தேன். சரியாக வந்தது. பார்க்கவும் வடிவாயிருந்தது. உடனே படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் இரண்டு பக்கக் கோடுகளும் கொஞ்சம் தடிப்பு. அல்லது மை பரவியிருக்கிறது. வேறு பக்கங்களிலும் அப்படி மை பரவின இடங்கள் இருக்கின்றன. ஆகவே இது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. பிழை என்று நான் அடித்துச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்பதைத் தவிர.

அவருடைய மின்னஞ்சல் முகவரி பதிவுத்தாளில் இருக்கிறது. இரண்டு தரம் எழுதத் தொடங்கினேன். 'பிழை இல்லாமலும் இருக்கலாம்' என்று எழுதினால் அவர் எதை அழித்து எதை எழுதுவார்? இந்தச் சின்ன விசயத்துக்கு இவ்வளவு யோசனையா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான்.

அடுத்த பயிற்சிக்கும் அதே அட்டையைத்தான் கேட்டிருக்கிறார்கள். மேலே '1561 மாதிரி' என்று போட்டது போட்டபடி இருக்கிறது. பன்னிரண்டு பிரதி எடுத்துவிட்டேன்.