மகளுக்குப் போத்தலை நிறுத்தியபோது

மகளுக்கு ஒரு வயது தாண்டியும் நிறை ஏறவில்லை. கிளினிக் புத்தகத்தில் அவளுடைய கோடு பச்சைப் பகுதியை விட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பால் மட்டும் குறைவில்லாமல் குடித்தாள். 240 மில்லி போத்தலில் காலையில் ஒன்று, பகல் தூக்கத்துக்கு ஒன்று, அந்திக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர். "இவ்வளவு பால் குடிக்கிற புள்ள ஏன் இப்படி மெலியுது?" என்று அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதில் சொன்னவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ். மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் வெளுத்திருந்தது, இரத்தம் குறைந்ததன் அடையாளம். "தங்கச்சி, பாலுலேயே வயிறு நெறஞ்சிருது. பொறகு சோத்துக்கு எங்க எடம்?" என்றார். மாட்டுப்பாலிலும் பால்மாவிலும் இரும்புச்சத்து மிகக் குறைவு. போதாததற்கு அதிலுள்ள கல்சியம், மற்றச் சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு 500 மில்லிக்கு மேல் பால் வேண்டாம் என்றார். கிளினிக்கில் தந்த நுண்போசணை என்கிற சத்துத் தூளைச் சோற்றில் கலந்து ஊட்டச் சொல்லியிருந்தார்கள். சோற்றையே வாயில் வாங்காத பிள்ளைக்கு அதை எதில் கலப்பது? ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து இரும்பு மருந்தும் கொடுத்தார்கள். பிறகுதான் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். பல்லுக்காக என்பதெல்லாம் பின்னால் வந்தது. மகள் சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் போத்தலை நிறுத்தினோம்.

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் தொங்கல் காம்பராவில், அதாவது கடைசி அறையில். நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கணவருக்குக் கொழும்பில் வேலை. 84 நாள் பிரசவ லீவு முடிந்து நான் பாடசாலைக்குத் திரும்பியபோது பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் அத்தைதான். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்து முழங்கால் தேய்ந்து போனவர். பிள்ளை கையில் போத்தலைப் பிடித்துக்கொண்டு படுத்தால்தான் அவரால் அடுப்படி வேலையைப் பார்க்க முடியும். ஆகவே போத்தலை எடுப்பது என்றால் அத்தையின் பொழுதையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் நான் பாடசாலையில் இருக்கும் நேரத்தில் எதுவும் நடக்காது. சம்மதித்தார். கிளினிக் புத்தகத்தில் இறங்கும் கோட்டின் மேல் அவருடைய விரலை வைத்து நான் காட்டிய பிறகு சம்மதித்தார்.

டவுன் கடையில் மூடியும் குழாயும் வைத்த பிளாஸ்டிக் கப்புகளைக் காட்டினார்கள். கவிழ்த்தாலும் சிந்தாது என்றார்கள். சிந்தாமல் இருப்பதற்காக உள்ளே ஒரு அடைப்பான் இருக்கிறது, பிள்ளை உறிஞ்சினால்தான் பால் வரும். போத்தலில் செய்வதும் அதே உறிஞ்சல்தானே. வாங்கவில்லை. வீட்டிலிருந்த சின்னச் சில்வர் டம்ளர் போதும் என்று வைத்துக்கொண்டோம்.

சிந்துவது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியுமாக இருக்கும்போது துணி காய்வதே இல்லை, அடுப்புக்கு மேல் கொடி கட்டித்தான் உலர்த்துகிறோம். நனைந்த சட்டையோடு விட்டால் பிள்ளை குளிரில் நடுங்கும். அதனால் முதல் பழக்கத்தைக் குளிக்க வார்க்கும் நேரத்தில் வைத்துக்கொண்டேன். வெந்நீர் பேசினுக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஆறவைத்த கொதிநீரைக் கொஞ்சம் டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவேன். எவ்வளவு சிந்தினாலும் கவலையில்லை. விளிம்பு கீழுதட்டில் பட, தண்ணீர் மேலுதட்டைத் தொடும் வரை மட்டும் சரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாய்க்குள் ஊற்றக்கூடாது. அவளாக நாக்கை நீட்டி, மெல்ல உதட்டைக் குவித்து, ஒரு மடக்கு உள்ளே இழுத்தாள்.

தண்ணீரைவிடக் கெட்டியாக இருப்பது மெதுவாக வரும், எளிதில் புரையேறாது. அதனால் கிளினிக்கில் தரும் திரிபோஷ என்கிற சத்துமாவில் காய்ச்சிய கஞ்சியைக் கொஞ்சம் இளக்கி அதே டம்ளரில் கொடுத்தோம். அது கை கொடுத்தது.

முதலில் எடுத்தது பகல் போத்தல். அந்த நேரத்துக்குப் பருப்பும் கரட்டும் போட்டுக் குழைத்த சோறு, சில நாள் முட்டை, சில நாள் நெத்தலியைப் பொடித்துப் போட்டது. பசி வந்ததும் வாயைத் திறந்தாள். அடுத்தது அந்திப் போத்தல். அந்தி நேரம் எங்கள் வீட்டில் எல்லாரும் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்போம். மாமா டம்ளரைக் கையில் எடுத்தாலே மகளுக்கும் டம்ளர் வேண்டும். அவளுடையதில் வெதுவெதுப்பான பால் கால்வாசி ஊற்றி மாமாவின் பக்கத்தில் உட்கார வைத்தோம். மாமா ஊதினால் ஊதினாள், குடித்தால் குடித்தாள். நான் எத்தனை விதமாகக் கெஞ்சியும் வராதது மாமாவைப் பார்த்து வந்துவிட்டது. கொழும்பிலிருந்து கணவர் வீடியோ கோலில் பேசும்போது டம்ளரைத் தூக்கிக் காட்டத் தொடங்கினாள்.

தேத்தண்ணியை மட்டும் கொடுக்க விடவில்லை. இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். தேயிலைச் சாயமும் இரும்புச்சத்தைச் சேரவிடாது. 2022இல் பால்மா கிடைக்காமலும், கிடைத்தாலும் வாங்க முடியாமலும் இருந்த மாதங்களில் எத்தனையோ வீடுகளில் சாயத்தண்ணியில் சீனி போட்டுப் போத்தலில் கொடுத்தார்கள். தேயிலையைப் பறித்து நாட்டுக்கே டொலர் கொண்டுவரும் பெண்களின் பிள்ளைகளுக்கு அன்று கிடைத்தது அதுதான். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

இரவுப் போத்தல்தான் எங்களைப் படுத்தியது. இங்கே ஜனவரியில் சில நாள் விடியும்போது புல்லில் உறைபனி கிடக்கும். அந்தக் குளிரில் நடுச்சாமத்தில் பிள்ளை அழுதால் அடுத்த காம்பராவில் எல்லாரும் எழும்புவார்கள். காலையில் பெரட்டுக்கு, தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிறவர்கள் அவர்கள். அத்தை தாங்கமாட்டார். "குடுத்துரும்மா, தொண்ட காஞ்சிரும் புள்ளைக்கு" என்பார். காம்புக்கு வேப்பெண்ணெய் தடவச் சொன்னவர்கள் உண்டு, பூச்சாண்டி கொண்டுபோய்விட்டான் என்று சொல்லச் சொன்னவர்களும் உண்டு. இரண்டுக்கும் நான் உடன்படவில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு ஆறுதலாக இருந்த பொருளைக் கசப்பாகவும் பயமாகவும் மாற்றிக் காட்டுவது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

பல் கிளினிக்கில் பார்த்தபோது மேல் முன்பற்களின் ஈறோரம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு இருந்தது. சொத்தையின் தொடக்கம், இப்போதே கவனித்தால் நிறுத்தலாம் என்றார்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைகிறது. வாயில் தேங்கும் பால் மேற்பற்களைச் சுற்றி நிற்கிறது. கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிக்கின்றன.

அதற்குப் பிறகு பாலையும் தூக்கத்தையும் பிரித்தோம். அடுப்பங்கரைச் சூட்டில் வைத்து டம்ளரில் பால், அதன்பின் அரிசி அளவு பற்பசையில் பல் விளக்கல், அதன்பின் கம்பளிக்குள் அத்தையின் தாலாட்டு. நடுச்சாமத்தில் எழும்பிக் கேட்கும் போத்தலில் பால்மாவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். முக்கால் கரண்டி, அரைக் கரண்டி என்று போய், கடைசியில் வெறும் வெந்நீர். ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு இதைச் செய்யவே கூடாது, அவர்களுக்குப் பாலைத் தண்ணியாக்குவது ஆபத்து. மகள் அந்த வயதைத் தாண்டி, பகலில் நன்றாகச் சாப்பிடவும் தொடங்கிவிட்டதால் செய்தோம். வெறும் தண்ணீருக்காக எழும்புவது அவளுக்கே வேண்டாமல் போயிற்று. இடையில் காய்ச்சல் வந்த நாட்களில் எழும்பி அழுதாள். அத்தை மடியில் போட்டுத் தட்டி, டம்ளரில் இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்துத் தூங்க வைத்தார். போத்தலைத் தேடிப் போகவில்லை அவர். அந்தக் குளிரில், அந்த முழங்காலோடு, அவர் உட்கார்ந்திருந்ததுதான் இந்த வீட்டில் போத்தலை நிறுத்தியது.

18 மாதத் தடுப்பூசிக்குப் போனபோது நிறைக்கோடு மேலே திரும்பியிருந்தது. இப்போது காலையும் அந்தியும் டம்ளரில் பால், மற்ற நேரம் எங்களோடு சோறோ ரொட்டியோ. லீக்ஸைத் துப்பிவிடுவாள், உருளைக்கிழங்கு என்றால் இன்னும் கேட்பாள். போத்தல்களை யாருக்கும் கொடுக்காமல் வெட்டிக் குப்பையில் போட்டேன்.

பக்கத்துக் காம்பராத் தங்கச்சிக்கு இப்போது கைக்குழந்தை. வேலைக்குத் திரும்புமுன், "நானும் ஒரு போத்தல் வாங்கி வைக்கவா அக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தாய்ப்பாலைப் பீச்சி, சுத்தமான மூடி போட்ட பாத்திரத்தில் வைத்தால் எங்கள் குளிரில் நான்கு மணித்தியாலம் கெடாது. அதைச் சின்னக் கப்பிலேயே, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக் கொடுக்கலாம். பிறந்த குழந்தைக்குக்கூட அப்படிக் கொடுக்கலாம். தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா அவள் கொழுந்தெடுக்கும் மலைக்குக் கிட்டத்தான் இருக்கிறது, இடையில் வந்து பாலும் கொடுக்கலாம். அவளுடைய மாமியாருக்குக் கப்பைப் பிடிக்கும் விதத்தை எங்கள் அத்தை காட்டிக்கொடுத்துவிட்டார்.