நூலகத் தேடல் பெட்டிக்குத் தமிழ் தெரிய வேண்டும்

நான் பயன்படுத்தும் ஒரு நூலகத்தின் கணினிப் பட்டியலில் 'கு.ப.ரா.' என்று தேடினால், முடிவுகள் எதுவும் இல்லை என்று வருகிறது. அவருடைய சிறுகதைத் தொகுதிகளோ, 'ராஜகோபாலன், கு. ப.' என்ற பதிவின் கீழ் அதே பட்டியலில் இருக்கின்றன. தந்த வடிவில் கிடைக்கவில்லை என்பதை நூலே இல்லை என்று கணினி சொல்லிவிட, வாசகர் அதை நம்பித் திரும்பிப் போய்விடுகிறார். நூலகம் பணம் கொடுத்து வாங்கிய நூல் யார் கைக்கும் போகாமல் கிடக்கிறது.

இவ்வகை மென்பொருள் பலவும் தட்டச்சு செய்ததையும் பதிவில் உள்ளதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகின்றன. தமிழில் அது போதாது. 'கொ' என்ற எழுத்தை, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான ஒருங்குறியில் (யூனிகோட்) ககரத்துடன் ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். இவ்விரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரமே விதித்திருந்தும், அந்தச் சமன்பாட்டைச் செயல்படுத்தாத மென்பொருளுக்கு அவை வெவ்வேறு சொற்கள். 'ஔவையார்' இதைவிடச் சிக்கலானவர். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி அவர் பெயரை எழுதுவோர் ஏராளம், அதைச் சரிசெய்யத் தரத்தில் விதி எதுவும் இல்லாததால் மென்பொருளில் நாமேதான் அதை எழுதிச் சேர்க்க வேண்டும். அடுத்தது சந்தி. 'தமிழ்ச் சிறுகதைகள்' என்று அட்டையில் அச்சான நூலை 'தமிழ் சிறுகதைகள்' என்று தேடுபவரும், இடைவெளியே விடாமல் 'தமிழ்ச்சிறுகதைகள்' என்று தேடுபவரும் ஒரே நூலைத்தான் கேட்கிறார்கள்.

நூற்பட்டியல் தரவுக்கான மார்க் வடிவத்தை 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் அவ்ராம் உருவாக்கினார். அட்டைகளில் இருந்த விவரங்களைக் காந்த நாடாவில் ஏற்றி நூலகங்களுக்கிடையே பகிர்ந்துகொள்ள அது வழிசெய்தது. அந்தச் சாதனையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நூலகர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ள வகுத்த, ஆசிரியர், தலைப்பு போன்ற புலங்களையே வாசகர் நிரப்ப வேண்டிய படிவமாக்கிவிட்டதுதான் பிழை. பழைய அட்டைப் பெட்டியில் 'விருத்தாசலம், சொ.' என்று தேடியவரை 'புதுமைப்பித்தன் காண்க' என்ற அட்டை வழிநடத்த முடிந்தது. அதே இணைப்பை, ஓர் ஆசிரியரின் பல பெயர் வடிவங்களை ஒன்றாகக் கட்டும் பெயர்க் கட்டுப்பாட்டுக் கோப்பில் இன்றும் பதிந்து வைக்கலாம். ஆனால் அந்தக் கோப்பைத் தேடல் பெட்டி எட்டிப் பார்க்காத அமைப்புகள் இருக்கின்றன.

இது நமக்குப் புதிதாகத் தெரியவேண்டிய நெறியும் அன்று. சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவதாக வைத்தது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. தேடும் முறையை வாசகர் கற்றுக்கொண்டு வரட்டும் என்று பயிற்சிக் கையேடு அச்சிடும் நூலகம், அந்த விதியைத் தலைகீழாக்கிவிடுகிறது என்பதே என் கருத்து.

செய்யவேண்டியவை எட்டாத தொலைவில் இல்லை. எழுத்து வடிவங்களை ஒருமுகப்படுத்துவது, சொல்லிறுதியில் மிகும் வல்லினத்தையும் இடைவெளியையும் தேடும்போது பொருட்படுத்தாமல் விடுவது, முதலெழுத்துச் சுருக்கங்களையும் புனைபெயர்களையும் பெயர்க் கோப்பில் சேர்த்துத் தேடலோடு பிணைப்பது ஆகிய மூன்றும் நடந்தாலே பெரும்பாலான ஏமாற்றம் தீரும். 1999இல் நியூசிலாந்தில் உருவாகத் தொடங்கிய கோஹா போன்ற, யாரும் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற நூலக மென்பொருளில் ஒருவர் இந்தத் திருத்தங்களைச் செய்தால், அதைப் பயன்படுத்தும் மற்ற நூலகங்களும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். வாசகர் கணினியில் தமிழ் விசைப்பலகை வேண்டும் என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை. முடிவு கிடைக்காத தேடல்களையெல்லாம் கணினி தானே குறித்து வைக்கும்படியும் செய்யலாம்; நூலகர் வாரம் ஒருமுறை அக்குறிப்பைப் படித்து, அலமாரியில் இருந்தும் சிக்காமல் போன நூல்களுக்கு விடுபட்ட பெயர் வடிவங்களைச் சேர்த்துக்கொண்டே வரலாம்.