பாலோ கொன்சால்வெஸ்: 10:08க்கும் 10:16க்கும் நடுவே

2020 ஜனவரி 12. சவூதி அரேபியாவில் டகார் ராலி, பாலைவனத்தில் பல நாள் ஓடும் போட்டி. அதன் ஏழாவது ஸ்டேஜ், அதாவது அன்றைய நாள் ஓட்டம். ரியாத்திலிருந்து வாதி அத்-தவாசிர் வரை 741 கிலோமீட்டர். நேரம் கணக்கிடப்படும் ஸ்பெஷல் மட்டும் 546. அதன் 276ஆவது கிலோமீட்டரில் மோட்டார் சைக்கிள் ரைடர் பாலோ கொன்சால்வெஸ் விழுந்தார். காலை 10:08க்கு அலர்ட் வந்தது. 10:16க்கு மருத்துவ ஹெலிகாப்டர் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை, இதயம் நின்றிருந்தது. அங்கேயே உயிரைத் திருப்ப முயன்றார்கள். பிறகு லைலா மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். பலனில்லை. வயது 40.

நம் ஊர் ராலி ரசிகர்களுக்கு அவர் தூரத்து ஆள் இல்லை. ஓட்டியது இந்திய நிறுவனமான ஹீரோவின் மோட்டோஸ்போர்ட்ஸ் அணிக்கு, பெங்களூரு ரைடர் சி.எஸ். சந்தோஷ் அதே அணி. கொன்சால்வெஸ் போர்ச்சுகல்காரர், 2013இல் கிராஸ்-கன்ட்ரி ராலி உலக சாம்பியன், 2015 டகாரில் மார்க் கோமாவுக்கு அடுத்த இரண்டாமிடம். இது அவருடைய 13ஆவது டகார். அன்று மொத்தப் பட்டியலில் அவர் 46ஆவது இடத்தில் இருந்ததைப் பார்த்து யாரும் குறைத்து எடைபோட வேண்டாம். மூன்றாவது ஸ்டேஜில் எஞ்சின் போய், அதை மாற்றிக்கொண்டு போட்டியில் நீடித்ததில் மணிக்கணக்கில் நேரம் போயிருந்தது. ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்தும் மறுநாள் ஸ்டார்ட்டில் வந்து நின்றவர்.

2016 டகாரில் சக போட்டியாளர் மத்தியாஸ் வால்க்னர் தொடை எலும்பு முறிந்து கிடந்தபோது, வண்டியை நிறுத்தி உதவி வரும்வரை கூட இருந்தவர் கொன்சால்வெஸ். அப்போது அவர் பட்டம் ஜெயிக்கக்கூடிய இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். நான்கு வருடம் கழித்து அவருக்காக நின்றது டோபி பிரைஸ். முந்தைய வருடச் சாம்பியன். அப்படி நின்றால் இழந்த நேரத்தை அமைப்பாளர்கள் திருப்பித் தருவார்கள், பிரைஸுக்கும் தந்தார்கள். ஆனால் நிற்கும் அந்த நொடியில் யாரும் அந்தக் கணக்குப் போடுவதில்லை.

எட்டு நிமிடம் என்பது பாலைவனத்தில் வேகமான பதில்தான். மூளைக்கோ ரத்தம் நின்ற நாலைந்து நிமிடத்திலேயே சேதம் தொடங்கிவிடும். நடுவில் இருக்கும் இடைவெளிக்குப் பொறுப்பு, அடுத்து வரும் ரைடர். ராலி ஓட்டுகிறவர்கள் இந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்:

முதலில் உங்கள் வண்டி. விழுந்தவர் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். மேட்டின் உச்சிக்கு முன்பாக, பின்னால் வருகிறவன் கண்ணில் படும்படி நிறுத்துங்கள். மேட்டைத் தாண்டி அவன் 120இல் இறங்கினால் ஒரு பிணத்துக்குப் பதில் மூன்று. அடுத்து வண்டி இருக்குமிடத்தை அமைப்பாளர்களுக்குக் காட்டும் டிராக்கரில் அவசர பட்டன். பிறகுதான் ஆளிடம் போவது. மூச்சு இருந்தால் ஹெல்மெட்டைத் தொடாதீர்கள். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்தபடி பேச்சுக் கொடுங்கள். மூச்சு இல்லையென்றால் ஹெல்மெட் கழன்றே ஆக வேண்டும்: ஒருவர் தாடையையும் பின்கழுத்தையும் தாங்க, மற்றவர் இரண்டு பக்கமும் விரித்து இழுக்க. ஹெல்மெட்டுக்குள் கன்னத்தை ஒட்டிய பேடில் சிவப்பு நாடா இருந்தால் முதலில் அதை இழுங்கள், பேட் தனியாக வந்துவிடும். முதுகில் தண்ணீர்ப் பையோடு மல்லாந்து கிடந்தால் நெஞ்சு தூக்கி நிற்கும், அழுத்தம் சரியாக இறங்காது. பட்டையை அறுத்துப் பையை எடுத்துவிடுங்கள். மார்புக் கவசத்தையும் திறந்துவிட்டு, நெஞ்சு நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு இதைச் செய்தால் இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். அதனால் அடுத்து வருகிறவரையும் நிறுத்துங்கள், மாறி மாறிச் செய்யுங்கள்.

இந்த விளையாட்டில் விழுவது ஏன் இவ்வளவு கொடுமை? வண்டி 450 சிசிதான். ஆனால் முன்னும் பின்னும் டேங்க். 30 லிட்டர் போட்டால் பெட்ரோல் மட்டுமே 22 கிலோவுக்கு மேல். கண்ணுக்கு நேரே ரோட்புக், எத்தனையாவது கிலோமீட்டரில் என்ன வருகிறது என்று சொல்லும் வழிக்குறிப்பு. அப்போது அது காகிதச் சுருளாக ஓடியது. ஆபத்தை ஒன்று, இரண்டு, மூன்று ஆச்சரியக்குறிகளால் காட்டும். 140 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி அதைப் பார்த்தால் 39 மீட்டர் பார்க்காமல் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் 200 மீட்டர் தப்பாகக் காட்டினால், மூன்று ஆச்சரியக்குறி போட்ட பள்ளம் நீங்கள் எதிர்பார்ப்பதற்கு முன்பே வந்துவிடும். திறந்த மணல் சமவெளியில் இது இன்னும் மோசம், தூரத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மரம்கூட இருக்காது.

கொன்சால்வெஸ் இறந்த மறுநாள் பைக்குகளுக்கும் குவாடுகளுக்கும் (நான்கு சக்கர பைக்குகள்) ஸ்டேஜை ரத்து செய்தார்கள். ஹீரோ அணி போட்டியிலிருந்தே விலகியது. அந்த அணியின் இன்னொரு ரைடர் ஜோக்கிம் ரோட்ரிகெஸ், கொன்சால்வெஸின் மைத்துனர். 2022இல் மூன்றாவது ஸ்டேஜை ஜெயித்து, இந்திய நிறுவனம் ஒன்றுக்கு முதல் டகார் ஸ்டேஜ் வெற்றியை வாங்கித் தந்தவர் இவர்தான். அதே 2020 ராலியில் விழுந்த இன்னொரு ரைடர் எட்வின் ஸ்ட்ராவரும் சில நாளில் இறந்துபோனார்.

2021இல் ஏர்பேக் ஜாக்கெட்டைக் கட்டாயமாக்கினார்கள். நெஞ்சு, காறை எலும்பு, முதுகு இவற்றுக்கு அது நல்ல காப்பு. தலைக்கு அல்ல, அந்த வருட டகாரிலேயே ரைடர் பியர் ஷெர்பன் தலைக் காயத்தில் இறந்தார். என் கணக்கில் உருப்படியான விதி அதே வருடம் வந்த இன்னொன்று: ராலி முழுக்க ஆறு பின் டயர்தான். ராலி டயருக்குள் காற்று கிடையாது, மூஸ் எனப்படும் நுரை வளையம். நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் அது சூடேறி உள்ளேயே சிதைந்துவிடும். தினம் ஒரு புது டயர் கிடைக்காது என்றால், யார் சொல்லாவிட்டாலும் நேர் பாதையில் த்ராட்டிலைக் கொஞ்சம் விட்டுத்தான் ஓட்ட வேண்டும்.