கல்லுக்குள்ள இருக்கிற எரிமலை

பிசிக்கல் ஜியாலஜின்னா எங்க பசங்கள்ல பாதிப் பேருக்கு ஃபர்ஸ்ட் இயர்ல மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துடற பேப்பர், அதுலயும் எரிமலை யூனிட்னா ஷீல்டு, காம்போசிட், சிண்டர் கோன்னு மூணு படம் வரைஞ்சு பாகம் குறிச்சுட்டா மார்க் வந்துடும். எம்.எஸ்சி.யில வால்கனாலஜி, அதாவது எரிமலை பத்தின படிப்பை, எலெக்டிவ்வா எடுக்கலாமான்னு ஜூனியர்ஸ் கேட்டுட்டே இருக்காங்க. எடுங்கப்பா, கண்ணை மூடிட்டு எடுங்க. ஏன்னு சொல்றேன்.

எனக்கு இது பிடிச்சுப்போனது லேப்லதான், பாசால்ட்டோட, அதாவது லாவா உறைஞ்ச கறுப்புக் கல்லோட, தின் செக்ஷன் பார்த்தப்போ. கல்லைச் சீவி ஸ்லைடுல ஒட்டி 0.03 மில்லிமீட்டர் வர்ற வரைக்கும் தேய்ப்பாங்க, அவ்ளோ மெல்லிசானா கன்னங்கரேல்னு இருக்கிற கல்லுக்குள்ளயும் வெளிச்சம் போகும். மைக்ரோஸ்கோப்ல கிராஸ்டு நிக்கல்ல (குறுக்கா வெச்ச ரெண்டு போலரைசருக்கு நடுவுல) வெச்சு ஸ்டேஜை மெதுவா திருப்பினா பிளேஜியோகிளேஸ்ங்கிற கனிமம் கறுப்பு வெள்ளைப் பட்டையா மாறி மாறி மின்னும். நடுவுல பெரிய பெரிய கிரிஸ்டல், சுத்தி ஊசி ஊசியா பொடிக் கிரிஸ்டல். பெருசெல்லாம் பூமிக்குள்ள மேக்மா, அதாவது உருகின பாறை, மெதுவா ஆறும்போது நிதானமா வளர்ந்தது, பொடிசெல்லாம் வெளிய கொட்டினப்புறம் அவசர அவசரமா உறைஞ்சது. எரிமலை வெடிக்கறதுக்கு முன்னாடி உள்ள என்ன நடந்துச்சு, வெளிய வந்தப்புறம் என்ன ஆச்சு, ரெண்டு கதையும் நகக்கண் அளவு கல்லுல இருக்கு, அன்னிக்கு லேப் நேரம் முடிஞ்சும் எழுந்திருக்க மனசு வரல.

அடுத்து வர்றது சிலிக்கா, சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். எரிமலையோட குணத்தைத் தீர்மானிக்கிறதுல பெரிய பங்கு இதுக்குத்தான். பாசால்ட்டுல சுமாரா 50 சதவீதம், ரையோலைட்ங்கிற வெளிர் நிற எரிமலைக் கல்லுல 70க்கு மேல. சிலிக்கா ஏற ஏற மேக்மா கெட்டியாகும், கெட்டியானா உள்ள கரைஞ்சிருக்கிற நீராவியும் மத்த வாயுவும் வெளியேற வழி இருக்காது. வெல்லப் பாகு இளம்பதத்துல குமிழ் வந்து சத்தமில்லாம உடையும், பதம் ஏறினதும் அதே குமிழ் கையில தெறிக்கும் இல்லையா, அதேதான். வாயு சுலபமா பிரிஞ்சா லாவா ஆறு மாதிரி ஓடும், அடைபட்டுப் போனா மலையே வெடிக்கும்.

ஓடுற வகைக்கு மகாராஷ்டிராப் பக்கம் இருக்கிற நம்ம டெக்கான் ட்ராப்ஸ்ங்கிற லாவாப் பாறைப் பரப்பை விட பெரிய பாடம் வேணுமா? சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி வழிஞ்ச பாசால்ட், இன்னிக்கு மிச்சம் இருக்கிறதே அஞ்சு லட்சம் சதுர கிலோமீட்டர். மகாபலேஷ்வர் காட் ரோட்ல போனா வெட்டின பக்கத்துல ஃப்ளோ (ஒரு தடவை ஓடி உறைஞ்ச லாவா) மேல ஃப்ளோவா அடுக்கு தெரியும், சில இடத்துல ரெண்டு ஃப்ளோவுக்கு நடுவுல செங்கல் நிறத்துல ஒரு பட்டை, ரெட் போல்னு சொல்வாங்க. கீழ இருக்கிற லாவா ஆறி, மழையும் வெயிலும் பட்டு மக்கி மண்ணாகுற அளவுக்கு எரிமலை சும்மா இருந்திருக்கு, அப்புறம் அடுத்த ஃப்ளோ வந்து மூடியிருக்கு. புக்ல ஒரே வரியில போயிடற விஷயம், கைய வெச்சுப் பார்த்தா வேற மாதிரி புரியும். ஃபீல்டு ட்ரிப்பை யாரும் மிஸ் பண்ணாதீங்க.

வெடிக்கிற வகைக்கு அமெரிக்காவோட செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை. 1980 மார்ச்ல இருந்து டேசைட்ங்கிற சிலிக்கா அதிகமான மேக்மா உள்ள ஏறி ஏறி மலையோட வடக்குப் பக்கம் தினமும் ஒன்றரை ரெண்டு மீட்டர் வெளிய தள்ளிட்டே இருந்துச்சு. மே 18 காலைல 8:32க்கு ஒரு நிலநடுக்கம், அந்தப் பக்கம் அப்படியே சரிஞ்சுது, மேல அழுத்திட்டிருந்த பாரம் போனதும் உள்ள இருந்தது பக்கவாட்டுல வெடிச்சு வந்துச்சு. 57 பேர் போயிட்டாங்க. அதுல டேவிட் ஜான்ஸ்டன்னு 30 வயசு விஞ்ஞானி, சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டுல இருந்து கண்காணிச்சிட்டிருந்தவர். முந்தின நாள் வரைக்கும் அங்க இருந்தது ஹாரி கிளிக்கன்னு ஒரு ஆராய்ச்சி மாணவர், புரொஃபசரைப் பார்க்கப் போகணும்னு கிளம்பினார், அவர் இடத்துக்குத்தான் ஜான்ஸ்டன் வந்தார். கிளிக்கன் அப்புறம் தன்னோட பிஎச்.டி.யையே அந்தச் சரிவுல வந்து குவிஞ்ச மண்ணையும் பாறையையும் பத்திப் பண்ணினார்.

இந்தப் படிப்பு எதுக்குன்னு வீட்ல யாராவது கேட்டா நான் அர்மேரோங்கிற ஊரைத்தான் சொல்லுவேன். கொலம்பியால நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை, 1985 நவம்பர் 13 ராத்திரி. வெடிப்பு ஒண்ணும் பெருசு இல்ல, ஆனா உச்சில பனி, சூடான சாம்பல் பட்டு அதுல கொஞ்சம் உருகினதே போதுமானதா இருந்துச்சு, தண்ணியும் சேறும் பாறையுமா லஹார் ஆத்து வழியே இறங்கி ரெண்டரை மணி நேரத்துல ஊருக்கு வந்துடுச்சு. மொத்தம் சுமார் 23,000 பேர் செத்தாங்க. அந்த ஊர் நின்னதே 1845ல வந்த லஹார் படிஞ்ச மண்ணு மேலதான். ஒரு மாசம் முன்னாடியே ஆபத்து மேப் வந்திருச்சு, அதுல அர்மேரோ ஆபத்தான இடம்னு தெளிவா இருந்துச்சு. ரெண்டரை மணி நேரம் இருந்துச்சுங்க, மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்கல.

அதே மாதிரி இன்னொண்ணு நடக்கக் கூடாதுன்னு மாரிஸ், காட்யா கிராஃப்ட்னு பிரான்ஸ் தம்பதி, பைரோக்ளாஸ்டிக் ஃப்ளோ (சூடான சாம்பலும் வாயுவும் கல்லும் சரிவுல பாய்ஞ்சு வர்றது), லஹார் எல்லாம் என்ன பண்ணும்னு காட்டுற வீடியோ ஒண்ணு தயார் பண்ணினாங்க. 1991ல பிலிப்பைன்ஸ்ல பினாட்டுபோ முழிச்சப்போ, ஏறக்குறைய 500 வருஷம் தூங்கின மலை, அக்கம்பக்கத்துல யாரும் அதை எரிமலைன்னே நினைக்கல, அப்போ அதிகாரிகளுக்கும் ஊர்க்காரங்களுக்கும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டித்தான் நம்ப வெச்சாங்க. முன்னாடி வெடிச்சப்போ படிஞ்ச அடுக்குகளைப் பார்த்து மேப் போட்டாங்க, ஜூன் 15 பெரிய வெடிப்புக்கு முன்னாடியே பல்லாயிரம் பேரை வெளியேத்தினாங்க. அதே நாள் புயலும் வந்துச்சு, நனைஞ்ச சாம்பல் பாரத்துல கூரை விழுந்து நூத்துக்கணக்குல செத்தாங்க, ஆனா காலி பண்ணாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சே பார்க்க முடியல.

கிராஃப்ட் தம்பதி அதைப் பார்க்கல. ஜூன் 3ஆம் தேதியே ஜப்பான்ல உன்சென் எரிமலைல பைரோக்ளாஸ்டிக் ஃப்ளோ அடிச்சு இறந்துட்டாங்க, அவங்களோட கிளிக்கனும். மொத்தம் 43 பேர்.

கிளிக்கனோட செயின்ட் ஹெலன்ஸ் ஆராய்ச்சி அவர் போனப்புறம் 1996ல அமெரிக்க ஜியாலஜிக்கல் சர்வே ரிப்போர்ட்டா வந்துச்சு. மேட்டு மேடா கிடக்கிற நிலத்தைப் பார்த்து, மலை எந்தப் பக்கத்துல இருந்து எப்படி உடைஞ்சு வந்துச்சுன்னு துண்டு துண்டா கண்டுபிடிச்சு மேப் போட்டிருக்கார். செமினாருக்கு நான் அதைத்தான் எடுத்திருக்கேன், மேப்பெல்லாம் இன்னும் முழுசா புரியல, தினமும் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்துட்டிருக்கேன். எலெக்டிவ் எடுக்கிற ஜூனியர்ஸ் யாருக்காவது சேர்ந்து படிக்கணும்னா வாங்க, சாயங்காலம் லேப்லதான் இருப்பேன்.