தொங்கானும் மட்டைப்பந்தும்

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலை இதற்கு முன் இருமுறை எடுத்து, இருமுறையும் முப்பது பக்கங்களைத் தாண்டாமல் மூடி வைத்திருக்கிறேன். மலாய், டச்சு, சீனச் சொற்கள் அடுத்தடுத்து வந்து முட்டும். எந்தத் தெருவில் யாரோடு நிற்கிறோம் என்பதே பிடிபடாது. இந்தக் கோடையில் மூன்றாம் முறையாக எடுத்தபோது, புரியாத சொற்களைப் புரியாமலே விட்டுவிட்டு வாசிப்பது என்று முடிவு செய்தேன். நான்கே நாட்களில் முடித்துவிட்டு, ஒரு வாரம் வேறெதையும் வாசிக்க மனமில்லாமல் இருந்தேன்.

1942இல் ஜப்பானியப் படை சுமத்திராவின் மெடான் நகருக்குள் நுழைவதிலிருந்து கதை தொடங்குகிறது. வட்டிக்கடையில் வேலை பார்ப்பதற்காக 1938இல் மெடானுக்குக் கப்பலேறியவர் சிங்காரம். ஆகவே அவர் காட்டும் உலகம் கேள்விப்பட்டு எழுதியதன்று. பினாங்குச் செட்டியார்களின் கிட்டங்கி (தொழிலும் தங்குமிடமும் ஒன்றாக இருக்கும் கட்டடம்) வாழ்க்கையை அவர் விவரிக்கும் பக்கங்களை நான் இரண்டு முறை வாசித்தேன். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என்று படிப்படியாக இறங்கும் அந்த வரிசையில், ஒருவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை அவன் வாய் திறந்ததுமே நாம் கண்டுகொள்கிறோம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே நாவலின் நாயகன் பாண்டியன் மெடானிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்னும் சரக்குத் தோணியில் கடல் கடக்கிறான். நடுக்கடலில் புயல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பகுதியில் வாக்கியங்களே குட்டையாகி, அறுந்து, அலையோடு அலையாகப் புரள்வதை வாய்விட்டு வாசித்தால்தான் முழுமையாக உணர முடியும். வீட்டில் என்னை விநோதமாகப் பார்த்தார்கள், பரவாயில்லை.

ஆனால் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது புயலன்று. அயல்நாட்டு மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் பாண்டியனின் நினைவுக்குள் மதுரைத் தெருக்கள் வந்து விழும் இடங்கள்தான். தமிழ்ப் பெருமை பேசுவோரை இந்த நாவல் கேலி செய்வதுபோல் கேலி செய்த இன்னொன்றை நான் வாசித்ததில்லை. அதே பாண்டியன்தான் பட்டினத்தாரிலும் தாயுமானவரிலும் ஊறிப்போனவனாகவும் இருக்கிறான். இப்படியொரு நாவல் எழுதி முடித்துப் பத்தாண்டுகள் காத்திருந்து 1972இல்தான் அச்சேறியது என்பதை நினைக்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அடுத்து வாசித்தது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. சிங்காரத்தின் கொந்தளிப்புக்குப் பிறகு இந்தச் சன்னமான குரலுக்குக் காது பழகச் சற்று நேரமானது. ஹைதராபாத் நிஜாம் அரசின் கடைசி நாட்கள். செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரனுக்கு மட்டைப்பந்துதான் தலைபோகும் விஷயம். நிஜாமுக்கு ஆதரவான ஆயுதக் குழுவினரான ரஜாக்கர்கள், அகதிகள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைவது எல்லாம் அவனுடைய ஆட்டத்துக்கும் கல்லூரிக்கும் இடையூறாகவே முதலில் வந்து சேர்கின்றன. கதைசொல்லல் சில இடங்களில் 'நான்' என்றும் சில இடங்களில் 'அவன்' என்றும் மாறுகிறது. நூலகப் பிரதியில் எனக்கு முன் வாசித்த யாரோ ஒருவர் அப்படி மாறும் ஓரிடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார். எனக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. தன்னைத் தானே சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டிய வயதில் அந்தப் பையன் இருக்கிறான். கடைசி இரண்டு பக்கங்களில், கலவரத்துக்கு அஞ்சி ஓடும் அவன் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். தன்னைக் கண்டும் அஞ்சி நடுங்கும் மனிதர்கள் உண்டு என்பதை அந்த வீட்டில்தான் அவன் அறிகிறான். அங்கே நடப்பதை நான் எழுதிக் கெடுக்க விரும்பவில்லை. அந்தப் பக்கங்களில் பென்சில் குறி ஏதுமில்லை.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' மறுவாசிப்பு என்பதால் விரைவாக முடிந்துவிட்டது. குளத்தில் நீரருந்தும் கர்ப்பிணியை நகைக்காக அமுக்கும் திருடனின் கால் விரலை அவள் பல்லால் கவ்வி விடாமலிருக்கும் காட்சி மட்டும் இருபது ஆண்டுகளுக்கு முன் பயமுறுத்தியது போலவே இப்போதும் பயமுறுத்தியது.

சிங்காரம் எழுதியவை இரண்டே நாவல்கள். மற்றொன்றான 'கடலுக்கு அப்பால்' எங்கள் நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. அதை எடுத்துச் சென்றவர் இன்னும் திருப்பித் தரவில்லை; நானும் வாரம் இருமுறை போய் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.