ஸ்பிரிங் நுனியில் பச்சை

பேட்டரிகள் இரண்டும் புதியவை. ஆனாலும் பெரியப்பாவின் பழைய கையடக்கக் கணினி கண் திறக்கவில்லை.

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தார். பேட்டரி முனையில் 3 வோல்ட். ஸ்பிரிங்கைத் தாண்டினால் பூஜ்யம்.

"போர்டு போகவில்லை சார், இதைப் பாருங்கள்."

ஸ்பிரிங் நுனியில் உப்புப் பூத்தது போல வெள்ளை, அதற்கடியில் செம்பின் பச்சை. பழைய அல்கலைன் பேட்டரி உள்ளேயே கிடந்து கசிந்திருக்கிறது. கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். அதற்கு மருந்து புளிப்புதான். வினிகரில் நனைத்த பஞ்சு பட்டதும் லேசாக நுரைத்தது. பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்து உலர வைத்தார்.

திரை எழுந்தது. தேதி கேட்டது.

முகவரிப் பட்டியல் காலி.

1990களின் இவ்வகைக் கருவிகள் பலவும் எல்லாவற்றையும் மின்சாரம் நின்றால் அழிந்துவிடும் ராம் (RAM) நினைவகத்திலேயே வைத்திருந்தன. பேட்டரி மாற்றும்போதுகூட உள்ளிருக்கும் மின்தேக்கி சிறிது நேரம்தான் தாங்கும். பெரியப்பா எண்களைக் காலண்டர் அட்டையிலும் எழுதி வைத்த காரணம் இப்போது புரிகிறது. (பால்காரர் எண் மட்டும் மூன்று இடங்களில்!)

என் எண்களோ எங்கோ ஒரு சர்வரில் இருக்கின்றன. அதற்கு மின்கட்டணம் கட்டுவது யாரென்றே எனக்குத் தெரியாது. இரண்டு பேட்டரியை நம்பியவரைவிட நான் துணிச்சல்காரன்தான்.