காம்பில் பால் வந்தால் அது சுகர் மேப்பிள் இல்லை

பாணிக்குச் சாறு தருகிற சுகர் மேப்பிள் என்று ஆறு மரம் நட்டு, மூன்றாவது கோடையில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இலை ஒன்றைக் காம்போடு கிள்ளினேன். கிள்ளின இடத்தில் வெள்ளையாகப் பால் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து மரத்தில் கிள்ளினேன், தண்ணீர் மாதிரி ஓர் ஈரம் மட்டும். ஆறு மரத்திலும் கிள்ளிப் பார்த்துவிட்டேன். ஐந்தில் ஈரம், ஒன்றில் பால். பால் வந்தது நோர்வே மேப்பிள், வேறொரு இனம். நாற்றுப் பண்ணையில் சுகர் மேப்பிள் என்று அட்டை கட்டி விற்றார்கள்; நானும் அட்டையைப் பார்த்தேனே தவிர மரத்தைப் பார்க்கவில்லை. கிள்ளிப் பார்க்க இலைகூட வேண்டியதில்லை. சுகர் மேப்பிளின் நுனி மொட்டு கபில நிறத்தில் ஊசி போலக் கூராக இருக்கும். நோர்வேயின் மொட்டு உருண்டு தடித்திருக்கும். இலையில்லாத காலத்திலும் இதைக் கண்டுபிடிக்கலாம்.

ரொறன்ரோவுக்கு வடகிழக்கே ஒன்றரை ஏக்கர் வளவோடு இந்த வீட்டை 2013இல் வாங்கினோம். முன்பு மாட்டுக்குப் புல் வளர்த்த வெளி. வீதியோரத்தில் ஒரேயொரு கிழட்டுச் சுகர் மேப்பிள் நின்றது. ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. அந்த ஒக்டோபரில் அது செம்மஞ்சளாகப் பற்றியெரிந்ததைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை பிறந்தது. ஆனால் வீதிப் பக்கக் கொப்புகள் மட்டும் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பின் வேலை அது. இந்த மரத்துக்கு உப்பும் ஆகாது, வாகனம் ஏறி இறுகிய மண்ணும் ஆகாது. ஆகவே நான் நடுவது வீதியிலிருந்து இருபது மீற்றர் உள்ளே என்று முடிவெடுத்தேன். நான் எடுத்த முடிவுகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

2014 வசந்தத்தில் மூன்று மீற்றர் உயரத்தில் ஆறு கன்றுகள் வாங்கினேன். எனக்கு அப்போது 46 வயது. மெல்ல வளர்கிற மரம், வளர்ந்ததாக வாங்கினால் பத்து வருடம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். மனிசி சட்டியையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உவ்வளவு பெரிய மரத்துக்கு இவ்வளவு சின்னச் சட்டியோ?" என்று கேட்டா. நான் பதில் சொல்லவில்லை. கேள்வி சரியானது என்று தெரிய மூன்று வருடம் எடுத்தது.

கிடங்கு வெட்டமுதல், நிலத்துக்கடியில் குழாயும் கம்பியும் எங்கே போகிறது என்று குறித்துத்தர ஏற்பாடு செய்கிற ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவிக்க வேண்டும். இது இங்கே சட்டம், வீட்டுக்காரருக்குச் செலவில்லை. ஆட்கள் வந்து காஸ் குழாய்க்கு மஞ்சள், மின்கம்பிக்குச் சிவப்பு என்று கொடி குத்திவிட்டுப் போனார்கள். நான் மனதில் வரைந்துவைத்திருந்த வரிசைக்கு நடுவால் மஞ்சள் கொடிகள் போயின! வரிசையை வளைத்தேன். பிறகு ஒவ்வொரு இடத்திலும் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் பள்ளப் பக்கத்துக் குழிகள் இரண்டில் தண்ணீர் அப்படியே நின்றது, ஒன்றில் தவளையும். சுகர் மேப்பிளின் வேர் தண்ணீரில் நிற்காது. அந்த இரண்டையும் மேட்டுப் பக்கம் மாற்றினேன்.

இவ்வளவு பார்த்தவன் நடும்போது கோட்டை விட்டேன். சட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் சட்டியில் இருந்ததே ஆழம் கூட. தண்டு அடியில் அகன்று வேராகப் பிரிகிற இடம் ஒன்று இருக்கிறது. அது வெளியே தெரிய வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து மின்கம்பம் மாதிரி நேராக எழும்பினால் மரம் புதைந்து நிற்கிறது என்று அர்த்தம். என்னுடைய ஆறும் மின்கம்பம்தான்.

முதல் இரண்டு வருடம் மரங்கள் அசையவில்லை. இலை வரும், விழும், உயரம் அதே உயரம். வேர் பிடிக்கிறது என்று மனதைத் தேற்றினேன். மூன்றாம் வருடம், பால் வந்த அதே வருடம், ஓகஸ்ட் நடுவில் ஒரு மரம் மட்டும் பளீரென்று சிவந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். மற்றவை ஒக்டோபரில்தான் நிறம் மாறின. முந்திக்கொண்ட மரத்தைப் பற்றி எனக்கு ஒரே பெருமை. அடுத்த வசந்தத்தில் அது துளிர்க்கவில்லை. நேரத்தோடு சிவக்கிற மேப்பிள் நோவில் சிவக்கிறது.

அலவாங்கு போட்டுக் கிளப்பிப் பார்த்தேன். மூன்று வருடம் ஆகியும் வேர் சட்டியின் வடிவத்திலேயே உருண்டு கிடந்தது. கட்டைவிரல் தடிப்பில் ஒரு வேர் தண்டைச் சுற்றி வந்து அதையே நெரித்திருந்தது. கயிற்றை அவிழ்க்கிற மாதிரி அவிழ்க்கப் பார்த்தேன், மரமாகி இறுகிவிட்டது. அன்றைக்கே மற்ற மரங்களின் அடியைக் கையால் கிளறி, பத்துச் சென்ரிமீற்றர் மண்ணை விலக்கினேன். இரண்டில் வளைந்த வேர் இருந்தது. இன்னும் மெல்லியது, வாளால் அறுத்து எடுத்தேன். மரத்தூளையும் பட்டைத்துண்டுகளையும் தண்டோடு குவித்து வைத்திருந்ததையும் தள்ளி, வட்டமாகப் பரப்பினேன். குவித்தால் பட்டை அழுகும்.

செத்த மரத்தின் இடத்தில் சட்டி இல்லாமல் வெறும் வேரோடு வருகிற கன்று ஒன்று வைத்தேன், என் இடுப்பளவு. பார்த்தால் பிரம்பு. இப்போது எட்டு வருடத்தில் நாலு மீற்றர். பெரிதாக வாங்கியவை நாலரையில் நிற்கின்றன.

விதைக் கதை இதற்கு முந்தியே தொடங்கியது. 2014 இலையுதிர்காலத்தில் மகள் வீதியோரக் கிழட்டு மேப்பிளின், அதாவது எங்கள் கிழவியின், கீழ் சிறகு விதைகளைப் பொறுக்கி ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். இரட்டைச் சிறகில் பெரும்பாலும் ஒன்றுதான் நிறைந்திருக்கும், மற்றது சப்பட்டை. விரலால் அமத்தினால் தெரியும். நிறைந்த ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தோம். உள்ளே பச்சைப்பசேலென்று முளை, மடித்துவைத்த துணி மாதிரி. காய்ந்த விதைக்குள் அந்தப் பச்சையை மகள் நம்பவில்லை, இன்னும் நாலைப் பிளந்துதான் நம்பினாள்.

ஈர மணலில் கலந்து பிளாஸ்ரிக் பையில் போட்டு பிரிட்ஜின் மரக்கறித் தட்டில் வைத்தோம். இந்த விதை இரண்டு மூன்று மாதம் குளிரில் ஈரத்தோடு கிடந்தால்தான் முளைக்கும். அதோடு உறைநிலைக்கு ஒரு பாகை மேலேகூட முளைக்கிற அபூர்வச் சாதி. பெப்ரவரியில் ஒருநாள் மனிசி, "இஞ்ச வந்து பாருங்கோ, உங்கட பைக்குள்ள புழு" என்று கத்தினா. புழு இல்லை, வெள்ளை வேர்கள். பிரிட்ஜுக்குள்ளேயே முளைத்துவிட்டன. முப்பத்தெட்டு முளை. பனி உருகும்வரை அவற்றைச் சட்டியில் காப்பாற்றியது தனிப் பாடு. வெளியே வைத்த முதல் கிழமையிலேயே அணில் பதினொன்றைத் தோண்டித் தின்றது. மிச்சம் அந்த வருடம் முழுக்க வளர்ந்து ஒரு சாண். நிழலில் வைத்தவையும் வாடவில்லை. காட்டில் பெரிய மரங்களின் கீழே பொறுமையாக இருந்து வளர்கிற இனம்தானே.

எலியும் முயலும் வேறு. பனிக்கு அடியால் வயலெலி வந்து பட்டையைச் சுற்றிவர நன்னும். ஒரு சுற்று முழுதாகக் கடித்தால் மரம் போய்விடும். அரையங்குலத்துக்கும் குறைந்த கண் உள்ள கம்பிவலையை அடியில் மண்ணுக்குள் செருகிச் சுற்றினேன். முழங்காலளவு போதும் என்று நினைத்தேன். பனி முழங்காலளவு விழுந்தது, முயல் பனிக்கு மேலே ஏறி நின்று வலைக்கு மேலால் கடித்தது. இப்போது வலை நெஞ்சளவு.

2021இல் ஒன்ராறியோவில் இலை தின்னும் ஸ்பொஞ்சி மொத் புழு கொள்ளையாக வந்தது. எங்கள் கிழவியின் கீழே நின்றால் எச்சம் மழைத் தூறல் மாதிரிச் சத்தம் போட்டு விழும். சாக்குத் துணியைத் தண்டில் கட்டி மடித்துவிட்டால் பகலில் புழுக்கள் அதற்குள் ஒளியும். பின்னேரம் உதறிச் சோப்புத் தண்ணீரில் போடலாம். சின்ன மரங்களுக்கு அது போதுமாக இருந்தது. கிழவி பாதி மொட்டையாகி, ஜூலையில் திரும்பத் துளிர்த்தாள்.

பாணி எப்போது என்று எல்லாரும் கேட்கிறார்கள். தண்டு நெஞ்சுயரத்தில் 25 சென்ரிமீற்றராவது தடித்த பிறகுதான் துளையிடலாம். என்னுடைய மரங்களில் ஆகத் தடித்ததே 11 சென்ரிமீற்றர்தான். இன்னும் பதினைந்து இருபது வருடம். ஆசைக்கு ஒரு மார்ச்சில் கிழவியில் ஒரு பக்கெற் தொங்கவிட்டோம். இரவு உறைந்து பகல் உருகுகிற நாட்களில்தான் சாறு ஓடும். நாற்பது லீற்றர் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. நான் அதைக் குசினிக்குள் காய்ச்சினேன். பாணி நல்ல ருசி, சுவர்க் கடதாசி உரிந்து தொங்கியது.

நோர்வேயை ஒன்பது வருடம் வெட்ட மனம் வரவில்லை. ஆனால் அதன் விதை காற்றில் பறந்து பக்கத்துக் காட்டுக்குள் முளைக்கிறது. அங்கே அதற்கு வேலை இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் மற்றவை மொட்டையாக நிற்க அது மட்டும் மஞ்சளாக இலையோடு நிற்கும், இடம் மாறி வந்த விருந்தாளி போல. போன வருடம் வெட்டினேன். இந்த வசந்தத்தில் அதற்கு மூன்று மீற்றர் தள்ளி, பிரிட்ஜில் முளைத்தவற்றில் கடைசியாகச் சட்டியில் மிஞ்சிய ஒன்றை நட்டிருக்கிறேன். சட்டியைக் கழற்றி, சுற்றிய வேரை வெட்டி, வேர் பிரியும் இடம் வெளியே தெரிய வைத்தேன். கிழமைக்கு ஒருமுறை இருபது லீற்றர் தண்ணீர். ஊற்றுவது மகள், நேற்றுக் குனிந்து ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தாள்.